தண்டாலும் மார்பின் வளர்ச்சியும்

(திருநின்றவூரில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் முன்னிலையில் நிகழ்த்திய பிரசங்கம்)



உரத்தையும் வட்டியையும் தவணையையும் பற்றிப் பேசிப் பழகிய இவ்விடத்தில், இன்று தண்டாலைப் பற்றிப் பேசும்படி நான் பணிக்கப்பட்டிருக்கிறேன். இது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவ்வூரிலும் அண்டைக் கிராமங்களிலும் போலீஸ் உத்தியோகத்தையோ இராணுவ சேவையையோ நாடி நிற்கும் வாலிபர் பலர் இருக்கின்றனர். அவர்களுள் சிலர் என்னிடம் வந்து, தினந்தோறும் தண்டால் எடுத்தும் மார்பு அகலவில்லையே, தண்டாலால் மெய்யாகவே பயன் உண்டா, இல்லையேல் இரும்புக் குண்டுகளும் பலகையும் கொண்ட தேகப்பயிற்சிச் சாலை ஒன்றைச் சங்கத்துப் பொதுநல நிதியிலிருந்து அமைத்துத் தரலாகாதா என்று கேட்டனர். பணம் அங்கத்தினர் யாவருடையதும் ஆகையால், இக்கேள்விக்கு விடையும் யாவர் முன்னும் சொல்லப்பட வேண்டியதே.

நெஞ்சைப் பற்றிப் பேசுவதற்கு இவ்வூரைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. பூசலார் நாயனார் தம் நெஞ்சினுள்ளேயே கல்லும் சுதையும் கொண்டு கோயில் எழுப்பிக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார் என்பதும், காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவ மன்னன் அதனைக் கனவிற் கேட்டு இவ்வூரைத் தேடி வந்தான் என்பதும் நம் குழந்தைகளும் அறிந்த வரலாறு. நாயனார் கட்டிய கோயிலுக்கு அளவுநாடா தேவைப்படவில்லை. நம் வாலிபருக்கோ தேவைப்படுகிறது. அதுவே இன்றைய விஷயம்.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர் பதவிக்கு ஆண்களிடம் கேட்கும் மார்பளவு, சாதாரணமாக நிற்கையில் 81 சென்டிமீட்டர்; அதாவது ஏறக்குறைய 32 அங்குலம். மூச்சை முழுவதும் உள்ளிழுத்தபின் அதற்குமேல் குறைந்தது 5 சென்டிமீட்டர் விரிதல் வேண்டும். இராணுவத்தின் பொதுப்பணிச் சிப்பாய்க்கு 77 சென்டிமீட்டரும், அவ்வாறே 5 சென்டிமீட்டர் விரிவும் கேட்கப்படுகின்றன. இவ்விரண்டு எண்களையும் தனித்தனியே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றை ஒன்றாகக் கலந்து நினைப்பதாலேயே நம் பிள்ளைகளுள் பலர் வீணாக உழைக்கிறார்கள்.

என் சொந்த அநுபவத்தையும் இவ்விடத்தில் கூறுகிறேன். வாலிபப் பருவத்தில் நானும் இத்தகைய தேர்வு ஒன்றுக்குச் சென்றேன். நாடா 79 சென்டிமீட்டர் காட்டியது, திரும்பி வந்தேன். வைராக்கியத்தோடு காலையும் மாலையும் தண்டால் எடுக்கத் தொடங்கினேன். முதல் நாள் 20-க்கே கை நடுங்கிற்று. மூன்று மாதத்தில் ஒரே மூச்சாக 100 எடுக்கும் நிலை வந்தது. ஊரார் மெச்சினர். நாடாவோ அதே 79-இல் நின்றது. ஒருநாள் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் ஒருவர் என் பயிற்சியைச் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, நீ எண்ணிக்கையை வளர்த்தாய், பாரத்தை வளர்க்கவில்லையே. சாப்பாட்டையும் வளர்த்ததாகத் தெரியவில்லை" என்றார். அவர் சொற்படி காலைத் திண்ணைமேல் தூக்கி வைத்து எடுக்கலானேன். வேர்க்கடலையும் பருப்பும் கூட்டி உண்டேன். ஏழு மாதம் சென்றபின் நாடா 83 காட்டியது. அதற்குள் எனக்கு வயதுவரம்பு கடந்துவிட்டது. அந்த மாஸ்டரை நான் ஓராண்டுக்கு முன்பே கண்டிருக்கலாகாதா என்று இன்றும் சில சமயம் நினைப்பதுண்டு.

தசையானது தான் சுமந்து பழகிய பாரத்துக்குத் தக்கபடியே வளரும். கிரேக்க நாட்டு மல்லன் மைலோ என்பான் ஒரு கன்றுக்குட்டியை நாள்தோறும் தூக்கிச் சுமந்தான் என்றும், கன்று காளையாக வளர வளர அவன் வலிமையும் வளர்ந்தது என்றும் ஒரு பழங்கதை உண்டு. கதை எவ்வாறாயினும் அதிலுள்ள யுக்தி மெய்யே. கன்று வளராமல் கன்றாகவே இருந்திருந்தால் மைலோவும் ஒரு நிலையில் நின்றிருப்பான். அதனை நெடுந்தொலைவு சுமக்கும் பொறுமை மட்டும் மிகுந்திருக்கும். ஜப்பானியர் ஒருவர் 1980-ஆம் ஆண்டில் இடைவிடாமல் 10,507 தண்டால் எடுத்துச் சாதனை புரிந்தார். அது பொறுதியின் எல்லை. மார்பு பெருக்க விரும்புவோன் அதனைப் பின்பற்ற வேண்டுவதில்லை. 30 தண்டாலைச் சுலபமாக எடுக்கும் ஒருவன் மேலும் எண்ணிக்கையைக் கூட்டுவதனால் மார்பின் பருமன் சிறிதளவே கூடும். அவன் கூட்ட வேண்டியது பாரத்தை.

ஆனால் தண்டாலில் பாரம் ஏது, நம் உடம்பு ஒன்றுதானே என்று கேட்பீர்கள். இதனைத் தராசில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2011-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், கைகளைத் தரையில் அளவுத் தட்டின்மேல் ஊன்றச் செய்து, உடல் எடையில் எவ்வளவு பங்கு கைகள்மேல் இறங்குகிறது என்று கணித்தனர். சமதரையில் நேராக எடுக்கும் தண்டாலில் உடல் எடையில் 100-க்கு 64 பங்கு கைகளின்மேல் விழுகிறது. முழங்காலை ஊன்றி எடுத்தால் 49 பங்கு. கைகளைச் சுமார் 60 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒன்றின்மேல் வைத்து எடுத்தால் 41 பங்கே. கால்களை அதே உயரத்தில் தூக்கி வைத்து எடுத்தாலோ 74 பங்கு.

நம் வீட்டுத் திண்ணையின் உயரமும் ஏறக்குறைய இதுவே. ஆகவே 60 கிலோ எடையுள்ள வாலிபன் ஒருவன், கையைத் திண்ணைமேல் ஊன்றினால் 25 கிலோவும், முழங்காலூன்றித் தரையில் எடுத்தால் 29 கிலோவும், முறையாகத் தரையில் எடுத்தால் 38 கிலோவும், காலைத் திண்ணைமேல் வைத்தால் 44 கிலோவும் தள்ளுகிறான். நம் சங்கக் கிடங்கில் அடுக்கியிருக்கும் யூரியா மூட்டையின் எடை 45 கிலோ. காலைத் திண்ணையில் வைத்து 10 தண்டால் எடுப்பவன், அம்மூட்டை ஒன்றைப் பத்துமுறை மார்பினின்று மேலே தள்ளியவனுக்கு ஏறக்குறைய ஒப்பாவான். அதுவும் எளிதானால், புத்தகப் பையில் 5 கிலோ மணலை இட்டு முதுகில் மாட்டிக்கொள்ளலாம். பின்னர் 8, பின்னர் 10. இதற்குப் பட்டணத்து யந்திரம் எதுவும் வேண்டியதில்லை.

இரும்புப் பலகையில் மல்லாந்து கிடந்து குண்டு தூக்குவதற்கு இது சமமாகுமா என்பதே வாலிபர் கேட்ட கேள்வியின் மையம். அதற்கும் பரீட்சை நடந்திருக்கிறது. 2015-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், தசை ஒரே அளவில் வேலை செய்யும்படி ஒரு சாராருக்கு ரப்பர்ப் பட்டையோடு கூடிய தண்டாலும், மற்றொரு சாராருக்குக் குண்டு தூக்குதலும் ஐந்து வாரம் கொடுக்கப்பட்டன. இருசாராரும் ஏறக்குறைய ஒத்த அளவிலேயே வலிமை பெற்றனர். 2017-இல் ஜப்பானில் எட்டு வாரம் நடந்த மற்றொரு பரீட்சையில், இலேசான பாரத்தோடு குண்டு தூக்கியோரும், அதற்குச் சமமான பாரத்தில் தண்டால் எடுத்தோரும் மார்புத்தசையின் பருமனில் ஒத்த வளர்ச்சியையே அடைந்தனர். இவை சிலரைக் கொண்டு சில வாரங்களே நடத்திய பரீட்சைகள் என்பதை மறைக்க விரும்பவில்லை. பல ஆண்டுகள் பயின்று மிகப் பெரும் பாரம் தூக்க விரும்பும் மல்லனுக்கு இரும்பு தேவைப்படத்தான் செய்யும். ஆனால் 79-ஐ 82 ஆக்க விரும்பும் நம் பிள்ளைக்குத் தண்டாலே போதும் என்று நான் துணிந்து கூறுவேன். பயன் உண்டா என்ற கேள்விக்கு விடை: உண்டு, பாரமும் ஆகாரமும் கூடினால்.

தண்டால் என்ற பெயரில் இரண்டு வேறு பயிற்சிகள் வழங்குவதையும் இங்கே குறிக்க வேண்டும். நம் நாட்டு மல்லர் எடுத்த பழைய தண்டால், இடுப்பை உயர்த்தி நின்று, பூனை வேலிக்கடியில் நுழைவதுபோல் மார்பைத் தரைக்கருகே செலுத்தி முன்னே தலை நிமிர்வது. பட்டியாலா சமஸ்தானத்தின் ஆதரவில் விளங்கிய காமா பயில்வான் தினமும் ஆயிரக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் எடுத்தார் என்பர். எண்ணிக்கையில் மிகையும் இருக்கலாம். 1910-இல் லண்டனில் போலந்து மல்லர் ஸ்பிஸ்கோவுடன் அவர் புரிந்த மற்போர் வெற்றி தோல்வியின்றி முடிந்தது; 1928-இல் பட்டியாலாவில் அதே ஸ்பிஸ்கோவை ஒரு நிமிஷத்துக்குள் வீழ்த்தினார். இதைக் கேட்டு, தண்டால் ஒன்றே அவரைக் காமா ஆக்கியது என்று எண்ணிவிடலாகாது. அவர் நாள்தோறும் பல மல்லரோடு பொருதினார். ஒவ்வொரு எதிராளியும் ஒரு பாரமே. பாலும் பாதாமும் நெய்யும் அவருக்குக் குறைவின்றிக் கிடைத்தன. பழைய தண்டால் தோளுக்கும் முதுகெலும்பின் வளைவுக்கும் நல்லது. மார்பின் பருமனை மட்டும் கருதுவோர், உடலைப் பலகைபோல் நேராக வைத்து எடுக்கும் தண்டாலையே முதன்மையாகக் கொள்ளலாம். இரண்டையும் பழித்துப் பேச இடமில்லை. 1920-இல் சென்னை வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் சார்பில் தேகப்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கரும் மேனாட்டுப் பயிற்சிகளோடு நம் நாட்டுப் பயிற்சிகளுக்கும் இடமளித்தார்.

இனி முறையைச் சொல்கிறேன். கைகளைத் தோளகலத்துக்குச் சிறிது வெளியே ஊன்றுக. முழங்கையைச் சிலுவைபோல் முற்றும் அகல விரிக்காமல், விலாவிலிருந்து அரை விரிவில் வைத்துக்கொள்க. மார்பு தரையைத் தொடும் அளவுக்கு நிதானமாக இறங்கி, மூச்சை விட்டுக்கொண்டே மேலே எழுக. இடுப்பு தொய்யவும் கூடாது, தூக்கவும் கூடாது. பாதி இறங்கிப் பாதி எழுந்து எண்ணிக்கை சொல்வது கணக்கில் சேராது. ஒருமுறை எடுக்கும்போது இன்னும் இரண்டு மூன்றுதான் முடியும் என்ற நிலை வரும்வரை எடுத்து, இரண்டு நிமிஷம் இளைப்பாறி, மறுபடியும் எடுக்க வேண்டும். இவ்வாறு நான்கு சுற்று. ஒரு சுற்றில் 20-க்கு மேல் தடையின்றி வந்தால் அடுத்த உயரத்துக்கு ஏறவேண்டும். வாரத்தில் மூன்று நாள் போதும். தசை வளர்வது இளைப்பாறும் நாளில்தான் என்பதை வாலிபர் நம்ப மறுக்கிறார்கள். உழுத நிலத்தை மறுநாளே மறுபடி உழுது பயிரை எதிர்பார்க்கும் உழவன் நம்மிடையே இல்லையே! மணிக்கட்டு நோவுள்ளவர் இரண்டு செங்கல்லைப் பிடித்துக்கொண்டு எடுக்கலாம். தோள்மூட்டில் குத்தல் கண்டால் உடனே நிறுத்துக. இரத்த அழுத்தமோ இருதய நோயோ உடையவர் மருத்துவரைக் கேளாமல் தொடங்கலாகாது.

முதல் மூன்று நான்கு வாரங்களில் வலிமை விரைவாகக் கூடும். அது பெரும்பாலும் நரம்புகள் வேலை பழகியதால் வருவது. பருமன் அதற்குப் பின்னரே கண்ணுக்குத் தெரியும். ஆகவே தேர்வு அறிவிப்பு வந்தபின் பயிற்சியைத் தொடங்குவோன் காலம் கடந்து தொடங்குகிறான். ஆறு மாதமேனும் முன்னதாகத் தொடங்க வேண்டும். ஒரு மாதத்தில் இரண்டு அங்குலம் கூட்டித் தருகிறேன் என்று மாவும் மாத்திரையும் விற்போரிடம் பணம் கொடுக்கவே வேண்டாம். ஊசி போட்டுக்கொள்ளச் சொல்பவனை ஊருக்குள் சேர்க்கவும் வேண்டாம்.

நாடா மார்பை மட்டும் சுற்றுவதன்று; முதுகையும் சுற்றுகிறது. இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். முதுகின் பக்கத்தசைகள் பருத்தால் நாடாவின் அளவு கூடும். தண்டால் தள்ளும் தசைகளையே வளர்க்கும். இழுக்கும் தசைகளுக்கு வேறு வேலை வேண்டும். முற்காலத்தில் கிணற்றில் நீர் இறைத்ததும் ஏற்றம் மிதித்து இழுத்ததும் அவ்வேலையைச் செய்தன. மோட்டார் வந்தபின் அது போயிற்று. அம்பத்தூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுள் பலர் யந்திரத்தருகே ஒரே நிலையில் நின்று திரும்புகின்றனர். கயிறு ஏறுதலே இதற்கு ஏற்ற பயிற்சி. காவலர் தேர்விலும் கயிறு ஏறுதல் ஓர் அங்கமாக இருப்பதால், ஒரே உழைப்பில் இரண்டு பயன்.

இப்போது இரண்டாவது எண்ணுக்கு வருவோம். 5 சென்டிமீட்டர் விரிவு. தண்டாலால் மார்புத்தசை ஒரு சென்டிமீட்டர் கூடினால், மூச்சை விட்ட நிலையின் அளவும் ஒன்று கூடும். மூச்சை இழுத்த நிலையின் அளவும் ஒன்று கூடும். இடையிலுள்ள வித்தியாசமோ முன்னிருந்தபடியேதான் நிற்கும். விரிவு என்பது விலா எலும்புகள் மேலெழுவதாலும் உதரவிதானம் கீழிறங்குவதாலும் ஆவது. அதற்கு வேண்டியவை ஓட்டமும் நீச்சலும் நிதானமான ஆழ்ந்த மூச்சுப் பயிற்சியுமே. வயிற்றை மட்டும் உப்பவைத்து மூச்சிழுப்போனுக்கு நாடா அசையாது; விலாக்கள் பக்கவாட்டில் விரியும்படி இழுக்கக் கற்க வேண்டும். கண்ணாடியின் முன் நின்று, இரு உள்ளங்கைகளையும் விலாமேல் வைத்துக்கொண்டு தினம் பத்து நிமிஷம் பழகினால் இது வரும். அத்தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓடவும் வேண்டியிருப்பதால், ஏரிக்கரையில் விடியற்காலை ஓடுவோனுக்கு இதிலும் இரட்டைப் பயன் உண்டு.

ஆகாரத்தைப் பற்றிச் சிறிது விரித்தே சொல்ல வேண்டும்; என் போன்றோர் தவறியது அங்கேதான். தசை வளர்ப்போர் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் வரையில் புரதம் உண்பது பயன் தரும் என்பது பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்துக் கண்ட முடிவு. 50 கிலோ எடையுள்ள வாலிபனுக்கு அது 80 கிராம். வெறும் சோறும் புளிக்குழம்பும் இதில் கால்பங்கே தரும். 300 கிராம் அரிசியில் இருப்பது சுமார் 20 கிராம். அதனோடு 50 கிராம் துவரம்பருப்பு 11 கிராமும், ஒரு பிடி கூடுதலாக 50 கிராம் வேர்க்கடலை 12 கிராமும், 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் 10 கிராமும், அரை லிட்டர் பால் 16 கிராமும் தரும். முட்டை உண்போருக்கு இரண்டு முட்டையில் 12 கிராம். கூட்டிப் பாருங்கள், 80 கிராம் நிறைந்துவிட்டது. இவற்றுள் பருப்பு நம் கூட்டுறவுப் பண்டகசாலையிலும், பால் நம் பால் உற்பத்தியாளர் சங்கத்திலும், கடலை நம் வயலிலும் கிடைக்கின்றன. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் டப்பா மாவில் இருப்பதும் பெரும்பாலும் பாலிலிருந்து எடுத்த புரதமே. உள்ளூர்ச் சங்கத்துக்குப் பாலை ஊற்றிவிட்டு, வீட்டுப் பிள்ளைக்கு ஒரு குவளை மிச்சம் வைக்காத தாய்மாரும் தந்தைமாரும் இக்கூட்டத்தில் இருக்கக்கூடும், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உத்தியோகம் நாடாதவருக்கும் நடுவயதினருக்கும் ஒரு சொல். அமெரிக்காவில் 1,104 தீயணைப்பு வீரர்களைப் பத்தாண்டு கவனித்து 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தொடக்கத்தில் 40-க்கு மேல் தண்டால் எடுக்க வல்லவராயிருந்தோர், 10-கூட எடுக்க இயலாதவரைவிட மிகக் குறைவாகவே இருதய நோய்க்கு ஆளாயினர் என்று கண்டனர். தண்டாலே நோயைத் தடுத்தது என்று இதற்குப் பொருளன்று. அத்தகைய தேகநிலையை உடையோர் பொதுவாக நலமாக இருந்தனர் என்பதே பொருள். இருதயாலீசுவரர் சந்நிதிக்கு நெஞ்சுநோய் தீர வேண்டி வெளியூரார் வருகிறார்கள்; உள்ளூரார் வழிபாட்டோடு சிறிது நடையும் பயிற்சியும் சேர்த்துக்கொள்ளலாம். சகோதரிகள் திண்ணைமேல் கையூன்றித் தொடங்கலாம். குடம் தூக்கும் கைக்கு அது கடினமன்று.

இனி நிதி விஷயம். நமக்கு மேற்கே சிறிது தொலைவிலுள்ள திரூரில் 1904-ஆம் ஆண்டிலேயே இம்மாகாணத்தின் முதல் கிராமக் கடன் சங்கம் பதிவாயிற்று. அத்தகைய அயலில் இருக்கும் நாம் பொதுப்பணத்தைச் செலவிடுமுன் கணக்குப் பார்ப்பது கடமை. பலகையும் இரும்பும் வாங்குவது இப்பொழுது வேண்டாம் என்பது என் கருத்து. ஓர் அளவுநாடா, உறுதியான வேப்பமரக் கிளையில் கட்டத்தக்க தடித்த கயிறு ஒன்று, எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று, கயிற்றின்கீழே பரப்ப இரண்டு வண்டி மணல், இவை போதும். ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் விடாமல் வருகிறார்கள் என்று பார்த்து, இருபது பேரேனும் வந்தால், இரும்பைப் பற்றி அப்போது மறுபடியும் யோசிக்கலாம். இதில் அபிப்பிராய பேதம் உள்ள வாலிபர் எழுந்து பேசலாம். நான் வருந்த மாட்டேன்.

நாடா ஒன்றை இன்றே கொண்டுவந்திருக்கிறேன். தேர்வுக்குச் செல்ல எண்ணியிருப்போர் வெளித்திண்ணைக்கு வரட்டும். மூச்சை விட்டும் இழுத்தும் இரண்டு அளவும், முறையாக எடுக்க முடிந்த தண்டாலின் எண்ணிக்கையும், எடையும் சங்கத்துக் குமாஸ்தா ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதிந்துகொள்வார். மூன்று மாதம் சென்றபின் இதே திண்ணையில் மறுபடியும் அளப்போம். முதலில் யார் வருகிறீர்கள்?